பழைய லேப்டாப் ஆன் ஆகலையா? கடைக்கு தூக்கிட்டு போறதுக்கு முன்னாடி அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் ஒரு காலேஜ் கம்ப்யூட்டர் லேப்ல வேலை பாக்குறேன். 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து எங்க ஊர் பக்கம் நிறைய வீட்ல முதல் கம்ப்யூட்டரே அதுதான். அக்கா படிச்சு முடிச்சு தம்பி எடுத்து, தம்பி வேலைக்குப் போனதும் இப்போ சித்தி பொண்ணு வச்சு படிக்குது. பத்து வருஷத்துக்கு மேல ஆன மெஷின், ஆன் ஆகலன்னு பசங்க பையில போட்டு தூக்கிட்டு வருவாங்க. பாதிக்கு மேல பெரிய செலவு இல்லாமலே சரியாயிருக்கு. அவங்க கேட்டதையும் நான் சொன்னதையும் தான் இங்க எழுதியிருக்கேன், எந்த கம்பெனி பழைய லேப்டாப்னாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

பவர் பட்டன அமுக்கினா ஒண்ணுமே இல்ல. லைட்டு கூட எரியல. முதல்ல என்ன பாக்கணும்?

வெளியில இருந்து உள்ள வரணும், அதுதான் வரிசை. முதல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ விட்டுட்டு நேரா சுவத்துல இருக்கற ப்ளக்ல சொருகுங்க. அந்த ப்ளக்ல ஒரு ஃபோன் சார்ஜர போட்டு கரண்ட் வருதான்னு பாத்துக்கோங்க. அப்புறம் சார்ஜர். செங்கல் மாதிரி இருக்கே அதுல சின்ன லைட்டு இருந்தா எரியுதா பாருங்க, லேப்டாப்ல சொருகாம இருக்கும்போது எரிஞ்சு சொருகினதும் அணைஞ்சா லேப்டாப் உள்ள எங்கயோ ஷார்ட் இருக்கலாம், இல்ல சார்ஜரே லோடு தாங்காம இருக்கலாம், அந்த மாதிரி ஆச்சுன்னா திரும்ப திரும்ப சொருகிப் பாக்காதீங்க. சார்ஜர் வயர் பின்னுகிட்ட மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்திருக்கும், வெளிய பாத்தா நல்லா இருக்கற மாதிரியே தெரியும். பின்ன லேசா ஆட்டும்போது லைட்டு வந்து வந்து போச்சுன்னா ஒண்ணு வயர், இல்லாட்டி லேப்டாப்ல இருக்கற டிசி ஜாக் (சார்ஜர் பின்ன சொருகற ஓட்டை).

இதெல்லாம் சரியா இருந்தா அடுத்தது ரொம்ப சுலபமானது, ஆனா யாருமே பண்றதில்ல. சார்ஜர கழட்டுங்க, பேட்டரியயும் கழட்டுங்க, பவர் பட்டன ஒரு 30 செகண்ட் அமுக்கிப் பிடிங்க. உள்ள இருக்கற மெயின் போர்டுல (மதர்போர்டு) தங்கியிருக்கற கரண்ட் எல்லாம் வடிஞ்சிடும். அப்புறம் பேட்டரி போடாம சார்ஜர மட்டும் சொருகி ஆன் பண்ணுங்க. லேப்டாப்ல பவர பாத்துக்கறதுக்குன்னே ஒரு சின்ன கண்ட்ரோலர் சிப் இருக்கு, வோல்டேஜ் ஏறி இறங்கினாலோ டக்குனு கரண்ட் போனாலோ அது சில சமயம் அப்படியே மாட்டிக்கும், இது அத ரீசெட் பண்ணுது. என்கிட்ட வந்ததுல இத மட்டும் பண்ணி உசுரு வந்த லேப்டாப் நிறைய. பேட்டரி உள்ள வச்சு மூடின மாடலா இருந்தா சார்ஜர மட்டும் கழட்டிட்டு பட்டன அமுக்கிப் பிடிங்க, சில மாடல்ல அடியில குண்டூசி ஓட்டை மாதிரி ஒரு ரீசெட் ஓட்டையும் இருக்கும்.

பேட்டரி இல்லாம ஆன் ஆகுது, பேட்டரி போட்டா ஆகலன்னா பேட்டரிதான் செத்துப் போச்சு. நேரா சார்ஜர்லயே ஓட்டலாம், கரண்ட் போனா அணைஞ்சிடும், அவ்ளோதான்.

ஃப்ரெண்டோட சார்ஜர போட்டுப் பாக்கலாமா?

பாக்கலாம், ஆனா ரெண்டு சார்ஜர் மேலயும் ஒட்டியிருக்கறத படிச்சுட்டு போடுங்க. வோல்ட் ஒண்ணா இருக்கணும், 19, 19.5, 20 இந்த மாதிரி இருக்கும், 19க்கும் 19.5க்கும் உள்ள வித்தியாசத்துக்கு பயப்பட வேண்டாம். ஆம்பியர் ஒரிஜினல்ல இருக்கறதவிட கூட இருந்தா பரவால்ல, லேப்டாப் தனக்கு வேணுங்கறத மட்டும்தான் இழுக்கும். குறைவா இருந்தா தான் பிரச்சனை, 65 வாட் கேக்கற மெஷினுக்கு 45 வாட் குடுத்தா லோகோ வரைக்கும் வந்து பொத்துனு அணையும்.

டெல், ஹெச்பி மாதிரி சில கம்பெனி சார்ஜர்ல நடுவுல ஒரு மெல்லிசான பின் இருக்கும், அதுவழியா தான் லேப்டாப் இது எத்தன வாட் சார்ஜர்னு கேட்டு தெரிஞ்சுக்கும். அந்த பின் வளைஞ்சாலோ உடைஞ்சாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. நிறைய பேர் இதுக்கு புது பேட்டரி வாங்கி காச விட்ருக்காங்க.

லைட்டு எரியுது, ஃபேன் சுத்துற சத்தம் கேக்குது, ஸ்கிரீன் மட்டும் கருப்பா இருக்கு. போர்டு போச்சா?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், அதிகமா ஏமாறுறதும் இங்கதான். பொறுமையா பாருங்க.

முதல்ல மெஷின் உள்ள ஓடுதா இல்லையான்னு தெரியணும். கேப்ஸ் லாக் பட்டன தட்டுங்க, லைட்டு மாறி மாறி எரிஞ்சா மெஷின் பெரும்பாலும் உயிரோட தான் இருக்கு, ஸ்கிரீன் பக்கம் தான் கோளாறு. ரூம இருட்டாக்கிட்டு ஃபோன் டார்ச்ச ஸ்கிரீன்ல சாய்வா அடிச்சுப் பாருங்க, மங்கலா எழுத்தோ லோகோவோ தெரிஞ்சா படம் வருது, பின்னாடி வெளிச்சம் குடுக்கற பேக்லைட் தான் இல்ல. வீட்ல டிவி இருந்தா ஹெச்டிஎம்ஐ வயர் போட்டுப் பாருங்க, டிவியில விண்டோஸ் வரைக்கும் வந்துட்டா போர்டும் நல்லாருக்கு, டிஸ்க்கும் நல்லாருக்கு, நிம்மதியா மூச்சு விடலாம்.

மூடிய ஒரு குறிப்பிட்ட கோணத்துல வச்சா மட்டும் படம் வருதுன்னா அது டிஸ்ப்ளே கேபிள். பழைய லேப்டாப்ல கீல் இறுகிப் போயிருக்கும், ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் அந்த கேபிள நசுக்கி நசுக்கி ஒரு நாள் உள்ள கம்பி அறுந்துடும். கேபிள் மட்டும் மாத்தினா போதும், முழு ஸ்கிரீனையும் மாத்தணும்னு சொன்னா கேபிள பாத்தீங்களான்னு கேளுங்க.

இன்னொண்ணு, லேப்டாப் மூடியிருக்கா திறந்திருக்கான்னு தெரிஞ்சுக்க அதுல காந்தத்த உணர்ற ஒரு சின்ன சென்சார் வச்சிருப்பாங்க. காந்தம் வச்ச ஃபோன் கவர கீபோர்டு பக்கத்துல வச்சா லேப்டாப்ப மூடிட்டாங்கன்னு நெனச்சு ஸ்கிரீன அணைச்சிடும். ஒரு பையன் ரெண்டு நாளா அழாத குறையா இருந்தான், ஃபோன எடுத்து தள்ளி வச்சதும் ஸ்கிரீன் வந்துச்சு.

கேப்ஸ் லாக்கும் மாறல, டிவியிலயும் ஒண்ணும் வரலன்னா அடுத்து ரேம் (மெஷின் ஓடும்போது தற்காலிகமா வச்சுக்கற மெமரி).

ரேம நாமளே கழட்டலாமா? பயமா இருக்கு.

பழைய லேப்டாப்போட பெரிய வசதியே இதுதான், நிறைய மாடல்ல அடியில ஒரு சின்ன மூடி, ஒண்ணு ரெண்டு ஸ்டார் ஸ்க்ரூ, கழட்டினா ரேம் கண்ணு முன்னாடி இருக்கும். சார்ஜர், பேட்டரி ரெண்டும் கழட்டினதுக்கப்புறம் தான் கை வைக்கணும். கழட்றதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. ரேம் ரெண்டு பக்கமும் இருக்கற கிளிப்ப வெளிப்பக்கமா தள்ளினா அது தானா சாய்வா எழும்பி நிக்கும், ஓரத்த பிடிச்சு உருவணும். மஞ்சளா இருக்கற கோடுகள் மேல விரல் படக்கூடாது, வெள்ளை ரப்பர வச்சு லேசா தேய்ச்சு தூள தட்டி விட்டுட்டு (வாயால ஊதாதீங்க, எச்சில் படும், காஞ்ச பிரஷ் நல்லது) திரும்ப சாய்வா சொருகி டிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க.

எங்க ஊர் மாதிரி கடல் காத்து அடிக்கற இடத்துல அந்த கோடுகள் மேல ஒரு படலம் சீக்கிரமே ஏறிடும், மழைக்காலம் முடிஞ்சு வர்ற லேப்டாப்ல இதுதான் முதல் சந்தேகம். ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணு ஒண்ணா தனித்தனியா போட்டுப் பாருங்க, ஸ்லாட்டும் மாத்திப் பாருங்க.

புது ரேம் வாங்கப் போனா பழசையும் கையில எடுத்துட்டு போங்க. டிடிஆர்3, டிடிஆர்3எல்னு ரெண்டு இருக்கு, பாக்க ஒரே மாதிரி தான் இருக்கும், ஒண்ணு 1.5 வோல்ட், இன்னொண்ணு 1.35 வோல்ட். 1.35 மட்டும் கேக்கற லேப்டாப்ல மத்தத போட்டா ஆன் ஆகாது, அப்புறம் போர்டு தான் போச்சுன்னு தப்பா முடிவுக்கு வந்துடுவோம்.

பீப் பீப்னு சத்தம் வருது, இல்லாட்டி கேப்ஸ் லாக் லைட்டு மினுக்கிட்டே இருக்கு.

நல்லதுதான், மெஷின் தானே என்ன வலிக்குதுன்னு சொல்லுது. எத்தன தடவ அடிச்சு நிறுத்துதுன்னு எண்ணுங்க, ஃபோன்ல வீடியோ எடுத்து வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. அந்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம்னு உங்க மாடல் பேர போட்டு தேடினா கம்பெனியோட மேனுவல்ல இருக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற வேற, அதனால பொதுவா ஒரு பட்டியல நம்பாதீங்க. விடாம ஒரே பீப்பா வந்தா கீபோர்டுல ஒரு பட்டன் அமுங்கி மாட்டியிருக்கா பாருங்க.

ஆன் ஆகுது, ஆனா ஒவ்வொரு தடவையும் தேதி தப்பு, எஃப்1 அமுக்கு எஃப்2 அமுக்குன்னு கேக்குது.

உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கு, பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்து போச்சு. சில கைக்கடிகாரத்துல போடற அதே பேட்டரி தான், ஆனா சில லேப்டாப்ல வயர் வச்சு ஒட்டியிருக்கும், அந்த மாதிரி கேட்டு வாங்கணும். தேதி பழசா இருந்தா நெட் கனெக்ட் ஆனாலும் வெப்சைட் எதுவும் பாதுகாப்பா இல்லன்னு திறக்க விடாது, வைரஸ்னு பயந்துடாதீங்க, தேதிய சரி பண்ணா போதும்.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, அந்த பேட்டரி தீர்ந்தா பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி மெஷின எழுப்பற ப்ரோகிராம்) செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்கு போயிடும். லெகசிங்கற பழைய பூட் முறையில (ஆன் ஆகற முறை) விண்டோஸ் ஓடிட்டு இருந்திருக்கும், இப்போ மெஷின் யுஇஎஃப்ஐங்கற புது முறைக்கு மாறி டிஸ்க்கே இல்லன்னு சொல்லும். டிஸ்க் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பயாஸ்ல போய் (எப்படி போறதுன்னு அடுத்த கேள்வியில இருக்கு) பூட் மோட ஒரு தடவ மாத்திப் பாருங்க.

நோ பூட்டபிள் டிவைஸ்னு வருது. ஹார்டு டிஸ்க் போச்சா?

முதல்ல பென்டிரைவ், மெமரி கார்டு எது மாட்டியிருந்தாலும் எடுங்க. அப்புறம் ஆன் பண்ணும்போதே எஃப்2 தட்டி பயாஸ்க்குள்ள போங்க (ஹெச்பில எஸ்கேப் இல்லன்னா எஃப்10, சில லெனோவோல சார்ஜர் பக்கத்துல ஒரு குட்டி பட்டன் இருக்கும்). அங்க டிஸ்க்கோட பேர் தெரியுதா பாருங்க. தெரிஞ்சா டிஸ்க்க மெஷினுக்கு அடையாளம் தெரியுது, பூட் வரிசையோ (எதுல இருந்து முதல்ல ஆன் ஆகணும்ங்கற வரிசை) விண்டோஸோ தான் கெட்டிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. தெரியலன்னா ஒரு தடவ கழட்டி மாட்டிப் பாருங்க.

காத வச்சுக் கேளுங்க. டிக்... டிக்... டிக்னு ஒரே தாளத்துல சத்தம் வந்தா அதோட நிறுத்திடுங்க, திரும்ப திரும்ப ஆன் பண்ணாதீங்க. உள்ள படிக்கற முள் தடுமாறுது, ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் தட்டுல இன்னும் கீறல் விழலாம். உள்ள இருக்கறது உங்களுக்கு முக்கியம்னா டேட்டா எடுக்கறவங்ககிட்ட நேரா குடுங்க.

கருப்பு ஸ்கிரீன்ல கிரப் ரெஸ்க்யூன்னு வந்து நிக்குது.

அரசு லேப்டாப் வச்சிருக்கறவங்க நிறைய பேர் இதுல மாட்டியிருக்காங்க. அதுல பல பேட்ச்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் (விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், இலவசமானது) சேத்து போட்டு குடுத்தாங்க, ஆன் பண்ணா எது வேணும்னு கேக்குமே அது. இடம் பத்தலன்னு யாராவது விண்டோஸ்ல போய் டிஸ்க்ல லினக்ஸ் இருந்த அந்த பகுதிய (பார்ட்டிஷன்) அழிச்சிருப்பாங்க. எது வேணும்னு கேக்கற அந்த சின்ன ப்ரோகிராமோட மீதி பாகம் அங்கதான் இருந்துச்சு, அத தேடிட்டு காணாம நிக்குது.

உங்க விண்டோஸ், ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கு. யாராவது ஃபார்மேட் பண்ணணும்னு (டிஸ்க்ல இருக்கறத அழிச்சு புதுசா ஆரம்பிக்கறது) சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. யுஇஎஃப்ஐ மெஷின்னா பயாஸ்ல பூட் வரிசையில விண்டோஸ் பூட் மேனேஜர மேல ஏத்தினாலே போதும். பழைய லெகசி மெஷின்னா விண்டோஸ் பென்டிரைவ் போட்டு ரிப்பேர்ல போய் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து bootrec /fixmbr அப்படின்னு (பூட்ரெக், ஒரு ஸ்பேஸ், சாய்கோடு, ஒட்டினாப்ல ஃபிக்ஸ்எம்பிஆர்) இங்கிலீஷ்ல அடிங்க, ஒரு நிமிஷ வேலை.

லோகோ வருது, வட்டம் சுத்திட்டே இருக்கு. இல்லன்னா ஆட்டோமேட்டிக் ரிப்பேர்னு வந்து திரும்ப திரும்ப அதே.

அரை மணி நேரமாவது விடுங்க, டிஸ்க் பழசுன்னா அப்டேட் முடியவே அவ்ளோ நேரம் ஆகும். அதுக்கும் மேலயும் அப்படியே இருந்தா விண்டோஸ் 7ல எஃப்8 தட்டி சேஃப் மோடுக்கு (தேவையானத மட்டும் வச்சு விண்டோஸ் ஓடறது) போங்க. விண்டோஸ் 10ல லோகோ வரும்போது பவர் பட்டன அமுக்கி அணைங்க, இப்படி ரெண்டு மூணு தடவ பண்ணா ரெகவரி ஸ்கிரீன் தானா வரும், அதுல ஸ்டார்ட்டப் ரிப்பேர், கடைசியா போட்ட அப்டேட்ட நீக்கறது, சேஃப் மோட் எல்லாம் இருக்கு. அடிக்கடி இதே வந்தா விண்டோஸ குறை சொல்றதுக்கு முன்னாடி டிஸ்க்கையும் ரேமையும் சந்தேகப்படுங்க.

கடையில ஃபார்மேட் பண்ணா தான் சரியாகும்னு சொல்றாங்க. பண்ணலாமா?

இந்த கேள்விக்காக தான் நான் இத்தனையும் எழுதறேன்.

எங்க தெருவுல ஒரு அக்கா, எம்ஃபில் பண்ணிட்டு இருந்தாங்க, நாட்டுப்புறப் பாட்டு பத்தி. ஊர் ஊரா போய் வயசான பாட்டிகளோட உக்காந்து பாட்டு எழுதிட்டு வந்து ராத்திரி லேப்டாப்ல டைப் பண்ணுவாங்க, பாடினத ரெக்கார்ட் பண்ணதும் அதுலதான். திடீர்னு நீல ஸ்கிரீன் வந்து வந்து ரீஸ்டார்ட் ஆச்சு. ஒரு கடையில குடுத்தாங்க, அவங்க எதுவும் கேக்காம ஃபார்மேட் பண்ணி புது விண்டோஸ் போட்டு குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டாவது நாள் மறுபடியும் நீல ஸ்கிரீன். அப்போதான் என்கிட்ட கொண்டு வந்தாங்க. ரெண்டு ரேம்ல ஒண்ணு கெட்டிருந்துச்சு, அத எடுத்ததும் மெஷின் ஒழுங்கா ஓடுச்சு. விண்டோஸ்ல தப்பே இல்ல. ஃபார்மேட்டே தேவைப்படல. எழுதினதுல அவங்க மெயில்ல அனுப்பி வச்சிருந்த ஒரு அத்தியாயம் மட்டும் தான் மிச்சம், பாடின பாட்டிகள்ல ஒருத்தங்க அதுக்குள்ள இறந்தும் போயிட்டாங்க.

அதனால சொல்றேன், மெஷின் எந்த நிலைமையில இருந்தாலும் டேட்டாவ எடுத்துட்டு தான் அடுத்த வேலை. டிஸ்க்க கழட்டி ஒரு யுஎஸ்பி கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா பென்டிரைவ் மாதிரி திறக்கும். இல்லன்னா லினக்ஸ் மின்ட்ட பென்டிரைவ்ல ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம அதுலயே நேரா ஓட்டி, ஃபைல வேற டிரைவுக்கு காப்பி பண்ணிக்கலாம். காப்பி பண்ணும்போது டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் மூணையும் மறக்காதீங்க, நம்ம ஆளுங்க பாதி பேர் எல்லாத்தையும் டெஸ்க்டாப்ல தான் வச்சிருப்பாங்க, அது சி டிரைவ்ல இருக்கு, சி டிரைவ் தான் ஃபார்மேட் ஆகும். கடையில குடுக்கும்போது "கேக்காம ஃபார்மேட் பண்ணக்கூடாது"ன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. நீல ஸ்கிரீன்னா முதல்ல விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்க (விண்டோஸ்லயே இருக்கற, ரேம சோதிக்கற ப்ரோகிராம்) ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க.

ஏற்கனவே ஃபார்மேட் ஆயிடுச்சு. திரும்ப எடுக்க முடியுமா?

சாதா ஹார்டு டிஸ்க், க்விக் ஃபார்மேட்னா (மேலோட்டமா அழிக்கறது) கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. அந்த நிமிஷத்துல இருந்து அந்த லேப்டாப்ப தொடாதீங்க, அதுல எது புதுசா எழுதினாலும் பழசு மேல தான் எழுதும். டிஸ்க்க வெளிய எடுத்து வேற மெஷின்ல மாட்டி ஃபோட்டோரெக், ரெகுவா மாதிரி இலவசமா கிடைக்கறத ஓட்டிப் பாருங்க, மீட்டத வேற டிஸ்க்ல தான் சேமிக்கணும். அந்த அக்காவுக்கு இதுல சில ஃபோட்டோ வந்துச்சு, ஆடியோ எல்லாம் பாதி பாதியா தான் வந்துச்சு. எஸ்எஸ்டின்னா (சுத்தற தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) ஃபார்மேட் பண்ண கொஞ்ச நேரத்துலயே அது தானா உள்ள துடைச்சு விட்டுடும், பெரும்பாலும் கிடைக்காது.

நல்லா ஆன் ஆகுது, அஞ்சு பத்து நிமிஷத்துல தானா அணையுது.

சூடு. ஃபேன் பக்கத்துல இருக்கற மெல்லிய தகடு வரிசையில தூசி கம்பளி மாதிரி அடைச்சிருக்கும், ப்ராசஸர் மேல வச்ச பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு ஆயிருக்கும். திறந்து க்ளீன் பண்ணி புது தெர்மல் பேஸ்ட் வைக்கச் சொல்லுங்க, சின்ன வேலைதான். மெத்தை மேல வச்சு ஓட்டாதீங்க.

டச்பேட் மேல எழும்பி நிக்குது.

பேட்டரி உப்பிடுச்சு. உடனே அணைச்சு சார்ஜர எடுங்க, அமுக்கி உள்ள தள்ளாதீங்க, குத்திடாதீங்க, தீப்பிடிக்கும். கழட்டத் தெரியலன்னா அப்படியே கடைக்கு எடுத்துட்டு போங்க. வீட்டு குப்பையில போட வேண்டாம், மின்கழிவு வாங்கற இடத்துல குடுங்க.

காபி கொட்டிடுச்சு.

அந்த செகண்டே சார்ஜர பிடுங்கி பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சு அணைங்க, பேட்டரிய எடுங்க, கூடாரம் மாதிரி கவுத்து வைங்க. ஆன் ஆகுதான்னு பாக்கணும்னு கை துறுதுறுங்கும், பாக்கவே கூடாது. அரிசியில புதைக்கறது வேலைக்கு ஆகாது. ஹேர் டிரையர் சூடா அடிக்கறதும் வேண்டாம். சக்கரை கலந்த காபி காஞ்சா போர்ட அரிச்சுட்டே இருக்கும், அதனால காஞ்சு ஓடினாலும் ஒரு தடவ திறந்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வச்சு கழுவ குடுங்க.

மதர்போர்டு போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. நம்பலாமா?

போர்டுல என்ன போச்சுன்னு கேளுங்க. மேல சொன்னதெல்லாம் பாத்துட்டாங்களா, வேற ரேம், வேற சார்ஜர், வெளி மானிட்டர் போட்டுப் பாத்தாங்களா கேளுங்க. ஷார்ட் ஆன ஒரு சின்ன கெப்பாசிட்டரோ பவர் சிப்போ தான்னா சிப் லெவல் பாக்கறவங்க அத மட்டும் மாத்திக் குடுப்பாங்க, சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் இதுல கை தேர்ந்தவங்க இருக்காங்க, மாவட்டத் தலைநகர்லயும் இப்போ கிடைக்கறாங்க. கிராஃபிக்ஸ் சிப்ப சூடு காட்டி சரி பண்றேன்னு சொன்னா அது பெரும்பாலும் கொஞ்ச நாள் ஓடி திரும்ப நிக்கும், அதுக்கு காசு குடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

சரியாயிடுச்சு. இனிமே எந்த விண்டோஸ் போடலாம்?

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட. விண்டோஸ் 11 இந்த பழைய ப்ராசஸர்கள முறைப்படி ஏத்துக்காது. படிக்க, டைப் பண்ண, வீடியோ பாக்க மட்டும்னா 4 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (மின்ட்லயே லேசான வகை) போடுங்க, தமிழ் டைப்பிங்கும் அதுல நல்லாவே வருது. பசங்களுக்கு ஒரு வாரம் புதுசா தெரியும், அப்புறம் பழகிடும்.

ஒருவேளை சரி பண்ணவே முடியலன்னா, பழைய இரும்புக்கு எடைக்குப் போடறதுக்கு முன்னாடி டிஸ்க்க கழட்டிக்கோங்க. ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதுல போட்டு, மேல ஒரு பேப்பர்ல யாரோடது, எந்த வருஷத்துதுன்னு எழுதி ஒட்டி பீரோவுல வைங்க. ரேமையும் எடுத்து வைங்க, பக்கத்து வீட்டு பிள்ளையோட லேப்டாப்புக்கு ஆகும்.